தேதியைப் பார்த்துவிட்டு வாங்கு, மகளே

அன்பு மகளுக்கு,

மியூனிக் சந்தையில் ஜெர்மன் பதக்கச் சிற்பி கார்ல் கோட்ஸின் லூசிட்டானியா பதக்கத்தைக் கண்டதாகவும், என் மணிவிழாவுக்கு அதை வாங்கி வரட்டுமா என்றும் எழுதியிருந்தாய். என்னை நினைத்து நீ ஒரு பழம்பொருள் கடை முன்னால் நின்றாயே, அதுவே எனக்கு நிறைந்துவிட்டது. ஆனால் பணத்தை எடுக்கும் முன் தேதியைப் பார்.

லூசிட்டானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது 1915 மே 7 அன்று. கோட்ஸ் முதலில் 5 என்று தவறாகப் பொறித்துவிட்டார். பிறகுதான் 7 என்று திருத்தினார். பிரிட்டிஷார் கையில் சிக்கியதோ பழையது. இரண்டு நாள் முன்பே பதக்கம் தயார் என்றால் அது திட்டமிட்ட கொலைதானே என்று உலகுக்குக் காட்ட, லட்சக்கணக்கில் நகல் செய்து ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். கோட்ஸ் வார்த்தவை சில நூறுதான். அதனால் கைக்கு வருவது பெரும்பாலும் நகலாகவே இருக்கும். ஜெர்மன் பதக்கத்தில் மே என்பது Mai என்று 'i' எழுத்தில் முடியும், நகலில் May என்று 'y'. நகல் இரும்பு, காந்தத்தில் ஒட்டும் என்று அதை மட்டும் நம்பாதே, போர்க்காலத்தில் ஜெர்மானியரும் இரும்பில் வார்த்தார்கள்.

நம் வீட்டில் அட்டைப் பெட்டியோடு இருப்பதும் நகல்தான். டிக்கெட் ஜன்னலுக்குள் உட்கார்ந்து பயணச்சீட்டு விற்கும் எலும்புக்கூடு. தலைக்கு மேலே 'எல்லாவற்றுக்கும் மேல் வியாபாரம்'. ஆறு வயதில் நீ அதைப் பார்த்து அழுதாய். கோட்ஸின் விரல் நுட்பத்துக்கு இணையே இல்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் ஏறத்தாழ 1200 பேர் கடலில் மாண்டிருக்க, பழியைச் சீட்டு விற்றவர்கள் மேல் போட்டாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே அது வேண்டாம். 1916இல் ஜெர்மன் சிற்பி ஹெர்மன் ஹோசேயுஸ் வடித்த இரும்புப் பதக்கத்தைத் தேடு. பொன்னைப் போருக்குக் கொடுத்த ஜெர்மானியருக்கு நினைவாகத் தந்தது. ஒரு பெண் மண்டியிட்டுத் தன் நகையை நீட்டுவாள். 'பொன்னைக் காவலுக்குத் தந்தேன், இரும்பைப் பெருமைக்குப் பெற்றேன்' என்பது அதன் வாசகம். நிறையப் பேருக்குக் கொடுத்ததால் விலையும் அதிகம் இராது. படத்தைக் காட்டியபோது அம்மா தன் வளையலைத் தடவியபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிறகு அந்த நகை திரும்பக் கிடைத்ததா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

கிடைத்தால் வெறும் கையால் தொடாதே, வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றிக் கைப்பையிலேயே கொண்டு வா.

அன்புடன்,
அப்பா