புகார்: ஜூடோ நூலில் இடம் வலம் மாறிய படங்கள், தவறான விழுமுறை

பெறுநர்: பதிப்பாசிரியர், விளையாட்டு நூல்கள் பிரிவு

பொருள்: தொடக்க நிலை ஜூடோ பயிற்சி நூலில் உள்ள பிழைகள், திருத்தமும் மாற்றுப் பிரதியும் கோருதல்

ஐயா / அம்மையீர்,

தங்கள் நூலின் 41, 42ஆம் பக்கங்களில் ஓசோட்டோ காரிக்கான (எதிராளியின் காலைப் பின்னாலிருந்து வாரி வீழ்த்தும் எறிமுறை) படங்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திரும்பி அச்சாகியுள்ளன. சட்டையைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஜூடோ சட்டையில், ஆணானாலும் பெண்ணானாலும், இடப்பக்க மடிப்புதான் மேலே வரும். அந்த இரு பக்கங்களிலும் இருவருக்குமே வலப்பக்க மடிப்பு மேலே கிடக்கிறது. 43ஆம் பக்கத்தில் அதே ஆட்களுக்குச் சட்டை சரியாகிவிடுகிறது.

விளக்கம் வலக்கைப் பிடிக்கு உரியது, அதில் பிழையில்லை. இடது காலை எதிராளியின் வலது காலுக்கு வெளிப்பக்கம் ஊன்ற வேண்டும். இடக்கை அவருடைய வலக்கைச் சட்டையை முழங்கை அருகே பற்றிக் கீழே இழுக்கும். வலக்கை மார்பு மடிப்பைப் பிடித்து அவரை வலது பின்மூலைக்குச் சாய்க்கும். அவர் எடை வலது குதிகாலில் விழுந்த பிறகே நம் வலது கால் அவருடைய வலது காலைப் பின்னாலிருந்து வார வேண்டும். படமோ வலது காலை ஊன்றி இடது காலால் வாருகிறது. கைக்கு எழுத்தையும் காலுக்குப் படத்தையும் பின்பற்றுபவர், எடையை எதிராளியின் வலது காலில் ஏற்றிவிட்டு, எடையே இல்லாத இடது காலை வாருவார். எதிராளி அந்தக் காலைத் தூக்கிப் பின்னால் வைத்துக்கொள்வார். வாரியவர்தான் ஒற்றைக் காலில் தடுமாறுவார்.

இரண்டாம் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் நடுவே ஒரு படமும் குறைகிறது. இரண்டாவதில் பிடி, மூன்றாவதில் கால் ஏற்கெனவே காற்றில். நிலைகுலைத்தல், உடலைப் பொருத்துதல், எறிதல் என்று (குசுஷி, ட்சுகுரி, ககே) முன்னுரையில் நீங்களே பிரித்துச் சொன்னவற்றில் முதலிரண்டும் படத்தில் இல்லை. மார்போடு மார்பு சேரும் அந்தக் கணத்தைக் காட்டாவிட்டால் வாசகர் தூரத்திலிருந்தே காலை வீசுவார், உடல் பின்னால் சாயும், அதே எறி அவர் மீதே திரும்பும். பல படங்களில் கணுக்காலுக்குக் கீழே வெட்டியிருப்பது இன்னொரு கொடுமை. ஜூடோவில் பாதத்தை மறைத்துவிட்டு எதைக் காட்டுவது?

இவற்றைவிட அவசரமானது விழுமுறை. பின்புற உகெமிக்கான (பின்னால் விழும் முறை) படத்தில் கைகள் தோள் மட்டத்துக்கு நேராக விரிந்துள்ளன. அப்படி அறைந்தால் அதிர்ச்சி தோள்மூட்டில் இறங்கும். உடலிலிருந்து ஏறத்தாழ 30 முதல் 45 பாகை விலகி, உள்ளங்கை கீழ்நோக்க, முழங்கை வரை ஒரே நேரத்தில் விரிப்பில் பட வேண்டும். மோவாயை நெஞ்சோடு சேர்த்துப் பார்வையை இடுப்புப்பட்டையில் வைக்கச் சொல்லும் வரியே இல்லை; பின்னால் விழும்போது தலை மோதாமல் காப்பது அதுதான். உட்கார்ந்தும் குந்தியும் விழுந்து பழகும் கட்டங்களைத் தாண்டி நின்ற நிலைக்கே போய்விடுகிறீர்கள்.

ஜூஜி காத்தாமே (எதிராளியின் கையை நீட்டி முழங்கையைப் பூட்டும் முறை) பக்கத்தில் எதிராளியின் கட்டைவிரல் கீழ்நோக்க வேண்டும் என்று உள்ளது. மேல்நோக்க வேண்டும், இல்லையேல் முழங்கை மடங்கும் திசை மாறிப் பூட்டு விழாது, விழாததால் பழகுபவர் மேலும் பலம் கொடுப்பார். எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு இருமுறை தட்டியதும் விட்டுவிட வேண்டும் என்ற குறிப்பும் இல்லை.

விதிகள் பகுதி பழையது. கோக்கா என்ற மிகச் சிறிய புள்ளி 2009 முதல் இல்லை. நின்ற நிலையில் காலைக் கையால் பிடித்து எறிவது 2013இல் முழுவதும் விலக்கப்பட்டது. நீங்களோ இரு கைகளாலும் கால்களைப் பிடித்து வீழ்த்தும் மொரோத்தே காரியைப் போட்டிக்கு ஏற்றது என்கிறீர்கள். எதிராளியின் கால்களைத் தன் கால்களால் கத்தரிபோல் பற்றி வீழ்த்தும் கானி பசாமியை எச்சரிக்கையே இல்லாமல் சேர்த்திருப்பது அதைவிட மோசம். ஜூடோவின் தலைமையகமான கொடோகானின் 68 எறிமுறைகளில் அதன் பெயர் இருந்தாலும், எதிராளியின் முழங்காலை முறிக்கக்கூடியது என்பதால் அது தடைசெய்யப்பட்ட முறை.

நாங்கள் கேட்பவை: விழுமுறை, ஜூஜி காத்தாமே பக்கங்களுக்குத் திருத்தத்தாள் வரும்வரை விற்பனையை நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அத்தாளை இலவசமாக அனுப்புங்கள். திரும்பிய படங்களைச் சரிசெய்து மாற்றுப் பிரதி தாருங்கள். அடுத்த அச்சுக்கு முன், படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்து ஒரு பயிற்றுநர் விரிப்பில் செய்து பார்க்கட்டும். முடிந்தால் சுருள்கம்பிக் கட்டும் போடுங்கள். இரு கையாலும் சட்டையைப் பிடித்திருப்பவருக்கு, தானாக மூடிக்கொள்ளும் புத்தகத்தால் பயனில்லை.

பிழையுள்ள பக்கங்களின் ஒளிநகல்களை இணைத்துள்ளோம். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தேவை.

இப்படிக்கு,
நூலை வாங்கிய ஜூடோ பயிற்றுநர்கள்