எக்ஸ்ரேயில் தெரியாத வலி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து பதினான்கு மாதமாகியும் முழங்கால் வலிக்கிறது, யாரிடமும் சொல்வதில்லை என்று, அதுதான் மனதைவிட்டுப் போகவில்லை.

ஏன் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு மூட்டு மாற்றி நான்கு வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் எல்லோரும் அக்கறையாக விசாரித்தார்கள். ஒரு வருடம் தாண்டியதும் "இன்னுமா வலிக்கிறது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த "இன்னுமா"வுக்குப் பயந்தே படியேறும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆபரேஷன் செய்த டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, மூட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறது, கவலை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அன்று இரவு அழுதேன். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்றுதான் தோன்றியது.

பிறகு வேறொரு டாக்டரிடம் போனேன். முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலி நீண்ட நாள் தொடர்கிறது என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. நீ உடற்பயிற்சியைச் சரியாகச் செய்யாததால்தான் இப்படியோ என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடு.

அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். உள்ளே மெதுவாகக் கிருமி வளர்கிறதா என்று அறிய ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள். செயற்கை மூட்டு தளர்ந்திருக்கிறதா, முழங்கால் சில்லு இடம் மாறி உரசுகிறதா என்றும் பார்த்தார். இடுப்பையும் முதுகையும்கூட விடவில்லை. இடுப்பு மூட்டு தேய்ந்தால் சிலருக்கு முழங்காலில்தான் வலிக்குமாம்! உனக்கு இதெல்லாம் பார்த்தார்களா? பார்க்கவில்லையென்றால் கேட்டு வாங்கு. காரணம் தெரியாமல் யாராவது மறுபடி ஆபரேஷன் என்றால் மட்டும் உடனே தலையாட்டிவிடாதே. முழங்கால் திடீரென்று வீங்கினாலோ, சிவந்தாலோ, காய்ச்சலோடு வலி கூடினாலோ அன்றைக்கே போய்விடு.

எனக்குக் கடைசியில் நரம்பு வலி என்று தெரிந்தது. தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போயிருப்பது பலருக்கும் உள்ளதுதான், அங்கே தோலுக்குப் போகும் சின்ன நரம்பு ஆபரேஷனில் அறுபட்டுவிடுகிறது. எனக்கு அதன் ஓரத்தில் போர்வை பட்டாலே தீயாக எரியும். சாதாரண வலி மாத்திரை அதற்குக் கேட்கவில்லை. நரம்பு வலிக்கென்று இரவில் போட ஒரு மாத்திரை தந்தார்கள். முதலில் தலைசுற்றியது, அப்புறம் பழகிவிட்டது. வலி முழுக்கப் போகவில்லை, தூக்கம் திரும்பி வந்தது. அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

இன்னொன்றை நானாகக் கற்றுக்கொள்ள ரொம்ப நாளாயிற்று. வலி குறைந்த நாளில் விட்டுப்போன வேலையையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்வேன், அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். இப்போது இருபது நிமிடம் நின்றால் உட்கார்ந்துவிடுவேன், வலிக்காவிட்டாலும். நல்ல நாளோ கெட்ட நாளோ, நடக்கும் தூரம் ஒன்றுதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி ஐந்து விநாடி நிறுத்தும் பயிற்சியை மட்டும் விடுவதில்லை. தொடைத் தசை வலுத்தால் மூட்டின் மேல் பாரம் குறைகிறது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். உனக்கும் சொல்லியிருப்பார்கள், அவசரத்தில் மறந்துவிடுவோம்.

மண்டி போட இன்றும் என்னால் முடிவதில்லை. அதை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான். பேரன் பின்னால் ஓட முடியவில்லையே என்று நீ ஏங்குவது புரிகிறது. தாழ்வான நாற்காலி வேண்டாம், உயரமானதில் உட்கார்ந்து அவனை உன்னிடம் நடந்து வரச் சொல், வருவான்.

வலி எப்போது வருகிறது, நடக்கும்போதா, படுத்த பிறகா, எரிகிறதா, குத்துகிறதா என்று ஒரு வாரம் குறித்து வை. டாக்டரிடம் அந்தத் தாளை நீட்டு. எனக்கும் எழுது. பேரனைப் பற்றி எத்தனை பக்கம் எழுதுகிறாயோ, அத்தனை பக்கம் முழங்காலைப் பற்றியும் எழுது. நான் படிப்பேன்.

அன்புடன்,
உன் பழைய தோழி