சில்வியா வாங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

படங்கள் வந்தன. நிசான் எஸ்13 சில்வியா, எஸ்ஆர்20 டர்போ எஞ்சின், பம்பர் இல்லாத மூஞ்சி. நல்ல கார்தான். ஆனால் "முதல் வேலை பெரிய டர்போ" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடு.

அந்த எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே 205 குதிரைத்திறன். டிரிஃப்ட், அதாவது பின்சக்கரங்களை வேண்டுமென்றே சறுக்கவிட்டு வளைவில் போவது, பழக அது தாராளம். 'டிரிஃப்ட் கிங்' கெய்ச்சி சுச்சியாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட டொயோட்டா ஏஇ86-க்கு 1.6 லிட்டர் எஞ்சின், 130 குதிரைத்திறன்தான். சக்தி குறைந்த காரில் வேகத்தையும் எடை மாற்றத்தையும் வைத்துத்தான் பின்பக்கத்தைப் பிடி நழுவ வைக்க முடியும். பழக வேண்டியதே அதுதான்.

முதலில் காரைத் தூக்கி அடியில் பார். 30 வயது தாண்டிய வண்டி. கதவுக்குக் கீழே ஓடும் தகடு, முன் சஸ்பென்ஷன் வந்து உட்காரும் இடம், பின்பக்கச் சட்டம், இங்கெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். பளபளவென்று கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் நன்றாகக் குத்து. துரு தின்ற சட்டத்தில் விலை உயர்ந்த காயில்ஓவர் சஸ்பென்ஷன் மாட்டி என்ன பயன்?

அப்புறம் டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி. காசு போட வேண்டிய இடம் இது. சாதாரண டிஃபரன்ஷியலில், வளைவின் உள்பக்கச் சக்கரத்தில் பாரம் குறைந்ததும் அது மட்டும் சும்மா சுற்றிப் புகை விடும். கார் சறுக்காமல் நிமிர்ந்துகொள்ளும். இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து சுற்றினால்தான் சறுக்கல் அறாமல் நீடிக்கும். உள்ளே இருக்கும் கியர்களை வெல்டிங் செய்து பூட்டிவிடுவது மலிவு வழி. டிராக்குக்கு மட்டும் போகும் காருக்கு அது போதும். ஆனால் பார்க்கிங்கில் திரும்பினாலே டயர் கத்தும், ஆக்ஸிலுக்கு அடி விழும், ஈர ரோட்டில் ஆபத்து. தினமும் ஓட்டும் கார் என்றால் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதைத் தடுக்கும் டூ-வே எல்எஸ்டி டிஃபரன்ஷியல் வாங்கு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் அது பூட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஸ்டீயரிங் திரும்பும் அளவு. கார் சறுக்கும் கோணத்துக்கு ஈடாக முன்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பாவிட்டால் காரைப் பிடித்து நிறுத்த முடியாது, சுற்றிவிடும். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடில் ஸ்பேசர் போட்டாலே கொஞ்சம் கூடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளை மாற்ற வேண்டும். மாற்றியதும் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பி, டயர் எதிலாவது உரசுகிறதா, திரும்ப வராமல் சிக்கிக்கொள்கிறதா என்று நிறுத்தி வைத்தே பார். ஓடும்போது சிக்கினால் சுவர்தான்.

அலைன்மென்டில் முன்பக்கம் மைனஸ் 3 டிகிரி கேம்பரில் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது) ஆரம்பி; பின்பக்கம் பூஜ்யத்துக்குப் பக்கமாக வை. நல்ல டயர் முன்னால், தேயப் போகிற டயர் பின்னால். ஹேண்ட்பிரேக் இப்போதைக்கு உள்ளதே போதும், கேபிளை இறுக்கு.

ரேடியேட்டரை மறந்துவிடாதே. பக்கவாட்டில் போகும் காருக்கு எதிர்க்காற்று நேராகக் கிடைக்காது, எஞ்சினோ கத்திக்கொண்டே இருக்கும். பழைய பிளாஸ்டிக் தொட்டி அந்தச் சூட்டில் வெடிக்கும். அலுமினிய ரேடியேட்டரும் ஆயில் பிரஷர் மீட்டரும் போடு. எஞ்சின் சுற்றை ஓர் அளவுக்கு மேல் விடாத லிமிட்டரில் அடித்துக்கொண்டே ஓட்டுவது கேட்க நன்றாகத்தான் இருக்கும்; ஆனால் வால்வுகளைத் திறக்கும் ராக்கர் ஆர்ம் கழன்று விழுவது எஸ்ஆர் எஞ்சினின் பேர்போன வியாதி.

உடம்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட் கட்டாயம். பழைய சீட்டில் நீ ஸ்டீயரிங்கைத் திருப்ப மாட்டாய், விழாமலிருக்க அதைப் பிடித்துத் தொங்குவாய். ஹெல்மெட்டும் வாங்கு. ரோட்டில் பழகுகிற எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடு, இனி எழுத மாட்டேன்.

சரி, இந்த வாரம் ஒரு வேலை. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்று. மற்றது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து எழுது. சேர்ந்தே சுற்றினால் வெல்டிங்கோ எல்எஸ்டியோ ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்