பிரிட்டன் ஃபேக்டரிங்க மூடுனதுக்கு யூனியன் மட்டும்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரிட்டன்ல தொழில் நொடிச்சுப் போனதுக்கு யூனியன் ஸ்ட்ரைக்தான் காரணம்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன். 1978-79 குளிர்காலத்துல குப்பை அள்ள ஆளில்லாம லண்டன் லெஸ்டர் ஸ்கொயர்லயே மூட்டை மூட்டையா கெடந்தது உண்மைதான், ஸ்ட்ரைக் ஓவரா இருந்துச்சுன்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா கதைய அதோட முடிச்சுட்டா எப்படி?

பைக்கையே எடுத்துக்குங்க. பிஎஸ்ஏ, ட்ரையம்ப், நார்ட்டன்னு உலகம் பூரா அவங்க வண்டிக்கு மவுசு. ஜப்பான்காரன் சின்ன வண்டியோட உள்ள வந்தப்போ, லாபம் கம்மின்னு அந்த மார்க்கெட்ட விட்டுக்குடுத்துட்டு பெரிய வண்டிப் பக்கம் ஒதுங்கிட்டாங்க, 1969ல ஹோண்டா சிபி750 அங்கயும் வந்துருச்சு, நாலு சிலிண்டர், பட்டன் ஸ்டார்ட், முன்னாடி டிஸ்க் பிரேக், இவங்க வண்டியோ கிக்கர உதைக்கணும், எஞ்சினோட அடிப்பெட்டி, அதான் கிராங்க்கேஸ், அத நெட்டுக்குத்தா ரெண்டா பிரிச்சு போல்ட் போட்டிருப்பாங்க, அந்த ஜாயின்ட்ல ஆயில் கசிஞ்சு நிறுத்துன எடமெல்லாம் சொட்டும். டிசைன மாத்தாம, புது மெஷினுக்கு பணம் போடாம இருந்தது முதலாளிங்க எடுத்த முடிவு. இங்கிலாந்துல ரெட்டிச்ங்கற ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டு ஃபேக்டரிய 1967ல மூடிட்டாங்க, அதே புல்லட் நம்ம திருவொற்றியூர்ல தொடர்ந்து ஓடுச்சு, அங்கயும் யூனியன் இருந்துச்சுங்க.

அதவிட பெரிய அடி 1979-80ல விழுந்தது, கட்டுரை அத தொடவே இல்ல. தாட்சர் அரசு விலைவாசிய அடக்குறேன்னு வட்டிய 17 சதவீதத்துக்கு ஏத்துச்சு, வடகடல் எண்ணெய் வேற வர ஆரம்பிச்சதுல பவுண்டு 2.40 டாலர் வரைக்கும் போச்சு. எக்ஸ்போர்ட் ஆர்டர் எடுக்கறவனக் கேளுங்க, பவுண்டு ரேட் அப்படி ஏறுனா வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம சரக்கு வெல கூடிரும், கொட்டேஷன் குடுக்கவே முடியாது, கடனுக்கு வட்டியும் கட்டணும். ரெண்டு வருஷத்துல ஃபேக்டரி உற்பத்தி கிட்டத்தட்ட 15% விழுந்துச்சு, ஸ்ட்ரைக்கே பண்ணாத கம்பெனியும் சேர்ந்துதான் போச்சு.

அப்புறம் வடகிழக்கு இங்கிலாந்துல இருக்கற சண்டர்லேண்ட். கப்பல் கட்டுற தொழில் படுத்து வேலையில்லாம கெடந்த ஊரு, 1986ல நிசான் அங்க கார் போட ஆரம்பிச்சுது. ஆளுங்க அதே ஊரு ஆளுங்க, யூனியனும் உண்டு, ஒரே ஒரு யூனியனோட மட்டும் அக்ரிமென்ட் போட்டாங்க. பத்துப் பதினஞ்சு வருஷத்துல ஐரோப்பாவுலயே ஒரு தொழிலாளிக்கு அதிக கார் போடுற பிளான்ட்டுன்னு பேரு வாங்குச்சு. சோம்பேறித் தொழிலாளின்னு எழுதுன கட்டுரையாளர் இதுக்கு என்ன சொல்வாரு? அவரோட பதிலையும் உங்க பேப்பர்லயே போடணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறை வச்சிருக்கும் வாசகர்,
அம்பத்தூர்