செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், வார இறுதிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம். மேற்குச் சிட்னியில் இயங்கும் நம் ஆசிரியர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுப் பணிகள் குறித்த இவ்வறிக்கையைப் பொதுச்சபையின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன். செயற்குழு ஒவ்வொரு தவணையிலும் தவறாமல் கூடியது. வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே முன்வைப்பார்.

ஆசிரியரும் மாணவரும் இணையத்தில் எங்கே, எவ்வாறு தொடர்புகொள்வது என்ற கேள்வியே இவ்வாண்டு செயற்குழுவின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது. பதினாறு வயது நிறையாதோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2024 நவம்பரில் நிறைவேற்றியபோதே இப்பேச்சு எழுந்தது. விலக்கு உண்டு என்று முன்பு கூறப்பட்ட யூடியூபும் 2025 ஜூலையில் அதற்குள் கொண்டுவரப்பட்டதும், சட்டம் நடைமுறைக்கு வரும் டிசம்பர் 10 வரை காத்திருப்பது சரியல்ல என்று முடிவெடுத்தோம். தங்களுக்கு அபராதம் வருமோ என்று பெற்றோர் சிலர் அஞ்சினர். 4 கோடியே 95 இலட்சம் டொலர் வரையான அபராதம் நிறுவனங்களுக்கே உரியது, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்ல என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் விளக்கினோம்.

எச்.எஸ்.சி. என்னும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வின் தமிழ்ப் பாடத்துக்கு ஆயத்தமாகும் உயர்வகுப்பில்தான் சிக்கல் கூடுதலாக இருந்தது. அங்கே பதினைந்து வயதினரும் பதினேழு வயதினரும் ஒன்றாக இருந்து படிக்கிறார்கள். வீட்டுப்பாடமும் வாய்மொழித் தேர்வுப் பயிற்சி பற்றிய செய்திகளும் மாணவர்கள் தாங்களே தொடங்கிய இன்ஸ்டாகிராம் குழுவில் ஓடிக்கொண்டிருந்தன. சட்டம் வந்ததும் இளையவர்கள் மட்டும் அதற்கு வெளியே நிற்க நேரிடும். ஆகவே, சட்டத்தின் வரம்புக்குள் வராத கூகுள் கிளாஸ்ரூமுக்கு அவ்வகுப்பை நான்காம் தவணைத் தொடக்கத்தில் மாற்றினோம். மாணவர்களுக்கு இதில் பெரிய உவப்பில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். வாட்ஸ்அப்பும் அவ்வரம்புக்கு வெளியேதான் இருக்கிறது என்றாலும், ஆசிரியரின் சொந்தத் தொலைபேசி எண் மாணவர் கையில் இருப்பது முறையல்ல என்று செயற்குழு கருதியதால், பெற்றோருக்கான அறிவிப்புகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறோம். யூடியூபைக் கணக்கின்றிப் பார்க்கத் தடையில்லை. வகுப்பில் காணொளி காட்டும் வழக்கம் தொடர்கிறது.

இந்த இடமாற்றம் எதிர்பாராத ஒரு வேலையையும் கொண்டுவந்தது. மூத்த ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் சேர்த்துவைத்த பயிற்சித்தாள்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தன. அவற்றைப் பொதுக் கோப்பகத்தில் ஏற்றித் திறந்தால் தமிழ் மறைந்து, ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தன. பழைய எழுத்துருவில் உள்ளதை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் மென்பொருள் பெரும்பகுதியைச் சீராக்கியது. ஆனால் இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்களையும் அது விட்டுவைக்காமல் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக்கியதால், ஒவ்வொரு தாளையும் ஆசிரியர் ஒருவர் வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டியிருந்தது. விடுமுறையிலும் இதைச் செய்த இளம் ஆசிரியர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டுள்ளது.

இலவசத் தளங்கள் நிலைக்கும் என்று நம்பிப் பாடங்களை ஒப்படைக்க இயலாது. எட்மோடோ என்ற இணைய வகுப்புத் தளம் 2022 செப்டம்பரிலும், கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு 2024 டிசம்பர் இறுதியிலும் மூடப்பட்டன. எந்தத் தளத்தில் பாடம் ஆக்கினாலும் தவணை முடிவில் அதன் படி ஒன்று சங்கத்தின் வன்தட்டில் சேர வேண்டும் என்ற விதி இப்போது நடைமுறையில் உள்ளது. இதில் நம்மவரிடம் இன்னும் சுணக்கம் உண்டு. பெயர் சொல்வதைத் தவிர்க்கிறேன்.

கலைவிழாப் படங்களில் பிள்ளைகளின் முகம் தெரிய அவற்றைச் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் இடலாமா என்பதில் மட்டும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் போதும் என்று ஒரு சாராரும், படமே வேண்டாம் என்று மறுசாராரும் வாதிட்டனர். ஒப்புதல் படிவத்தின் வரைவு இவ்வறிக்கையுடன் இணைக்கப்பட்டுள்ளது. 2026 சேர்க்கை தொடங்குமுன் புதிய செயற்குழு அதை முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.