சால்வை இருக்கட்டும், செயற்குழுவில் இடம் கொடுங்கள்

டர்பன் வட்டாரக் கோயில் நிர்வாகிகளுக்கும் தமிழ்ச் சங்கச் செயற்குழுவினருக்கும்,

வணக்கம். தமிழில் எழுதுகிறேன். உங்களில் சிலருக்குப் பேத்திதான் இதைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லட்டும், அவளும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிதான்.

தென்னாப்பிரிக்க மகளிர் தினமான ஆகஸ்ட் 9 நெருங்குகிறது. மண்டபம் பிடித்திருப்பீர்கள், வெஜிடபிள் பிரியாணிக்கும் சொல்லியிருப்பீர்கள். படித்துப் பட்டம் வாங்கிய மூத்த பெண்களுக்கு ஆளுக்கொரு சால்வை, ஒரு ரோஜா, ஒரு சான்றிதழ். போன வருடம் எனக்கும் கிடைத்தது. வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். சான்றிதழில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. குடும்பத்துக்காகத் தியாகம் செய்தவள், கைமணம் மிக்கவள் என்று போட்டிருந்தது. கைமணத்தைப் பற்றி என் மகனைக் கேட்டிருந்தால் அந்த வரியை எடுத்திருப்பீர்கள். 1956-இல் இதே நாளில் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் யூனியன் கட்டடத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். கறுப்பின மக்கள் எங்கே போனாலும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்துப் போனார்கள், ரோஜா வாங்க இல்லை.

எங்கள் தலைமுறை படித்த கதை உங்களுக்கும் தெரியும். 1961-இல் அரசு இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி திறந்தது எங்கே? துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன பழைய கட்டடங்களில். படகேறிப் போய்ப் படித்தவர்கள் இன்னும் நம் கோயில்களில் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார்கள். படித்து வேலைக்குப் போனபிறகும், கல்யாணம் ஆன ஆசிரியை என்றால் நெடுங்காலம் தற்காலிக வேலைதான், சம்பளமும் ஆண்களைவிடக் குறைவு. ஆகவே எங்களில் பலருக்கு முழு வேகத்தில் ஓடக் கிடைத்ததே பிள்ளைகள் வளர்ந்தபிறகுதான். நீங்களோ எங்கள் கதையைப் பட்டமளிப்புப் போட்டோவோடு முடித்துவிடுகிறீர்கள்.

டாக்டர் குணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு 1936-இல் டர்பனுக்குத் திரும்பினார், இந்தியர்களின் நில உரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்த 1946 சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனார். இதுவரை எல்லா விழாவிலும் சொல்கிறீர்கள். அவருடைய தன்வரலாறு வெளியானது 1991-இல், அப்போது அவருக்கு 85 வயது. அதை யாரும் சொல்வதில்லை.

நவநீதம் பிள்ளையும் அப்படித்தான். பஸ் ஓட்டுநரின் மகள். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப, அவர் வளர்ந்த டர்பன் கிளேர்வுட் பகுதி மக்கள் கையிலிருந்ததைப் போட்டுப் பணம் சேர்த்தார்கள். 1967-இல் நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்தார். வெள்ளையரல்லாத பெண்களில் அவர்தான் முதல். 2008-இல் ஐ.நா. மனித உரிமை ஆணையராகப் பொறுப்பேற்றபோது வயது 67-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. 2021-இல் ஐ.நா. விசாரணைக் குழு ஒன்றுக்குத் தலைவரானபோது 79. நம் சங்கங்கள் சிலவற்றில் அந்த வயதுப் பெண்ணுக்குக் குத்துவிளக்குப் பக்கத்தில் நாற்காலி போடுவார்கள், அவ்வளவுதான்.

சரி, எல்லாரும் ஐ.நா.வுக்குப் போக முடியாது. பக்கத்தில் பார்ப்போம். சாட்ஸ்வொர்த்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மண்டபத்து மூலையில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்ப்பார். மெஷின் அவர் காசில் வாங்கியது. நீளக் கணக்கு நோட்டில் பெயர், தேதி, அழுத்தம், போன தடவை எவ்வளவு இருந்தது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று வரிசையாக எழுதியிருக்கும். அளவு கூடியவர் பெயருக்கு நேரே சிவப்பு மை. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தட்டிக்கழிக்கிறவர் என்றால் அடுத்த வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார். இதே அம்மாள் ஒரு பொதுக்கூட்டத்தில் எழுந்து, மண்டப வாடகைப் பணம் எங்கே போகிறது என்று கேட்டார். மேடையிலிருந்து வந்த பதில்: "ஆயா, நீங்க பிரசாதத்தைப் பாருங்க." எல்லாரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, பிள்ளைகளை ஐஸ்டெட்ஃபட் என்கிற கலை இலக்கியப் போட்டிக்குத் தயார் செய்வது, சாஸா என்கிற அரசு நிறுவனம் தரும் உதவிப் பணத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குச் சமையல். இதையெல்லாம் யார் செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். செலவுக்குக் கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் அவர்களைக் காணோம்.

அதனால் இந்த வருடம் விழா மலரில் எங்கள் குணநலன்களை விட்டுவிடுங்கள். என்ன படித்தோம், எங்கே வேலை பார்த்தோம், ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறோம் என்று எங்களையே கேட்டு எழுதுங்கள். அப்புறம் அந்தப் படிப்பு உதவித்தொகை. முதல் வருடம் காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு, இரண்டாம் வருடம் அந்தப் பெண் படிக்கிறாளா, பாதியில் விட்டாளா என்று பார்ப்பதில்லை. அந்தப் பொறுப்பை ஓய்வுபெற்ற ஆசிரியைகளிடம் விட்டுவிடுங்கள். வருடம் முழுக்க அந்தப் பெண்ணை விடமாட்டார்கள்.

பொதுக்கூட்டத்துக்கு வேட்புமனு கொடுக்கும் கடைசித் தேதியைக் கோயில் அறிவிப்புப் பலகையில் நன்றாகத் தெரியும்படி ஒட்டிவையுங்கள். எங்களில் சிலர் மனு கொடுக்கப்போகிறோம், பொருளாளர் பதவிக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
டர்பனிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை