பன்னிரண்டாம் கட்டில் பாட்டிக்கும் மற்ற எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கடைசி மாத்திரையை விழுங்கினேன். பதினான்காம் நாள். இன்று காலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு வாரமாகப் போன் எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரிடம் 'வயிற்றில் இன்ஃபெக்‌ஷன்' என்று சொல்லி வைத்திருந்தோம். பொய்யில்லை, கொஞ்சம் மேலே தள்ளிச் சொன்னது, அவ்வளவுதான். கிருமி தொற்றியது கர்ப்பப்பை, கருக்குழாய்ப் பக்கம்; இடுப்புக்குழி அழற்சி என்பார்கள்.

ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காசு வாங்காமல் திரும்பிய ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. நரம்பு கிடைக்காமல் மூன்றாவது தடவை குத்தியபோது என்னைவிட அதிகமாக முகம் சுளித்த ஹவுஸ் சர்ஜன் பெண்ணுக்கு, என் ஷிஃப்டைப் பங்கு போட்டுக்கொண்ட டீமுக்கு, ஆறு நாளும் ரசம் சாதம் கட்டிக்கொண்டு வந்த அத்தைக்கு நன்றி. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு வார்த்தை பேசாமல் தானும் போட்டுக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும். பல நேரம் உடலுறவில் தொற்றுவது என்பதால் இந்த நோயில் துணைக்கும் மருந்து கொடுக்க வேண்டும். எத்தனையோ வீடுகளில் சண்டை வெடிப்பது அந்த இடத்தில்தான் என்று சிஸ்டர் சொன்னார்.

என் வேலை தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள வேடிக்கை புரியும். ஏழு வருடமாக மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சார்ட்டைப் படித்து நோய்க்கு உரிய எண்ணைப் போடுவேன். இடுப்புக்குழி அழற்சி (ஆங்கிலச் சுருக்கம் பி.ஐ.டி.) என்று மட்டும் இருந்து வேறு விவரம் இல்லாவிட்டால் 'என் 73.9'. எத்தனை தடவை அடித்திருப்பேனோ. அது ஆங்கில எழுத்து 'என்'. என்னுடைய கேஸ் ஷீட்டில் டாக்டர் 'பி.ஐ.டி.' என்று எழுதியதைப் பார்த்த அன்றுதான் அது தமிழ் 'என்' ஆனது.

எங்களிடம் வரும் பி.ஐ.டி. சார்ட்டுகளில் பெரும்பாலானவை எமர்ஜென்சிக்கு வந்து, ஓர் ஊசி போட்டுக்கொண்டு, மாத்திரைச் சீட்டோடு அன்றைக்கே வீட்டுக்குப் போனவர்களுடையவை. படுக்கையில் சேர்ப்பது குறைவு. முன்பு அப்படி இல்லை. 1985க்கும் 2001க்கும் இடையில் அங்கே இந்த நோய்க்காக அட்மிட் ஆவது 68 சதவீதம் குறைந்தது. நோயே குறைந்தது ஒரு காரணம். மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்ற தைரியம் இன்னொரு காரணம். 2002இல் வெளிவந்த 'பீச்' என்ற அமெரிக்க ஆய்வில், நோய் மிதமாக இருந்த 831 பெண்களில் ஒரு பாதியை ஆஸ்பத்திரியில் சேர்த்தும் மறுபாதியை வெளிநோயாளியாக வைத்தும் பார்த்தார்கள். பிற்பாடு பிள்ளை உண்டானதிலும் சரி, வலி நீடித்ததிலும் சரி, இரு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் இப்போது யாரையாவது அட்மிட் செய்திருந்தால் சார்ட்டில் காரணத்தைத் தேடுவோம். கர்ப்பமா, சீழ்க்கட்டியா, கடும் காய்ச்சலா, குடல்வாலோ என்ற சந்தேகமா, மாத்திரை வயிற்றில் தங்கவில்லையா.

என்னுடையது அந்தக் கடைசிக் காரணம்.

முதலில் எனக்கும் ஊசி போட்டு மாத்திரை கொடுத்துத்தான் அனுப்பினார்கள். டாக்சிசைக்ளின், கூடவே மெட்ரோனிடசோல். வெள்ளிக்கிழமை விரதம், வெறும் வயிற்றில் போட்டேன். அரை மணியில் வெளியே வந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி வந்தது. வாயெல்லாம் துரு நக்கியது போல ஒரு ருசி. சாப்பிட்டுவிட்டுப் போடணும் என்று கவுன்டரில் யாரும் சொல்லவில்லை. 'கல்யாணம் ஆயிடுச்சா' என்பதை மட்டும் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்கள். (ஏழு வருடம் அந்த மருந்துப் பெயர்களைப் படித்தவளுக்கே தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.)

ட்ரிப்ஸ் ஏறிய முதல் இரண்டு ராத்திரியும் தூக்கமில்லை. ஸ்வீடனில் லுண்ட் நகரத்துப் பெண்களை வருடக்கணக்காகக் கவனித்த ஆய்வு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை இந்த நோய் வந்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குக் கருக்குழாய் அடைத்துப் பிள்ளை உண்டாகவில்லை. இரண்டு தடவை வந்தால் சுமார் 20. மூன்று என்றால் 40. எனக்கு வந்தது ஒரு தடவை, எட்டுதானே என்று பகலில் சொல்லிக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எட்டு பெரிய எண்.

மூன்றாம் நாள் ட்ரிப்ஸை நிறுத்தி மறுபடி அதே மாத்திரை என்றார்கள். கையில் வாங்கி வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். பக்கத்துப் பன்னிரண்டாம் கட்டிலில் மருமகளுக்குக் கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள். துணைக்கு இருந்த பாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று எழுந்து கீழே போனார். திரும்பி வந்தபோது தூக்குச்சட்டியில் டீ, பேப்பரில் சுற்றிய பன்.

"மொதல்ல இதத் தின்னு. அப்புறம் மாத்திர. முழுங்கிட்டுச் சாயக் கூடாது, உக்காந்தே இரு."

பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து நனைத்து நீட்டினார். நான் சாய்ந்துவிடாமல் இருக்க அரை மணி நேரம் ஊர்க் கதை சொன்னார். துறையூர்ப் பக்கம். செவலை மாடு கன்று போட்டது, பால் சொசைட்டியில் அளவு குறைத்தவனோடு போட்ட சண்டை. சண்டை முடியும்போது மணி எட்டே முக்கால். மாத்திரை உள்ளேயே இருந்தது.

அதிலிருந்து காலையும் ராத்திரியும் எட்டு மணிக்குத் தூக்குச்சட்டி வந்துவிடும். காசு நீட்டினால் கையைத் தட்டிவிடுவார். ஒரு நாள் கேட்டார்: "சீனி தூவுன பன்னா, சும்மா பன்னா?" எதுவானாலும் சரி பாட்டி என்றேன். அத்தனை நாளில் அவர் என்னைக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். வார்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்பார்கள், உனக்கு என்ன, எத்தனை நாளா, பிள்ளை இருக்கா என்று. எனக்கென்ன என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு குடல்புண்ணைத் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பொய்யைச் செலவழிக்கவே விடவில்லை அவர்.

வீட்டுக்கு வந்தபின் அந்த 831 பேரைப் பற்றி யோசித்தேன். ஆய்வு சொன்னதில் தப்பே இல்லை. மாத்திரையோடு வீட்டுக்குப் போக முடிந்தவர்கள் போகத்தான் வேண்டும், கட்டில் இன்னொருத்திக்கு ஆகும். ஆனால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொருத்திக்கும், மாத்திரைக்கு முன்னால் தின்ன எதையாவது நீட்ட ஓர் ஆள் இருந்ததா என்று சார்ட்டில் எழுதியிருக்காது. எங்கள் புத்தகத்தில் கிளி கடித்ததற்குக்கூடத் தனி எண் உண்டு. இதற்கு இல்லை.

டீமில் இருக்கும் பொண்ணுங்களே, அடிவயிற்று வலியைப் பீரியட்ஸ் வலி என்று நான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். போன் அடியுங்கள், நான் கூட வருகிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்த காலையானாலும் வருகிறேன். கவுன்டரில் உரக்கக் கேட்டால் பதிலை நான் சொல்லிக்கொள்கிறேன்.

பாட்டி, உங்கள் பெயரைக் கேட்டு வைக்கவில்லை. நான் கிளம்பிய நேரம் மருமகளை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தீர்கள். பேரனோ யாரோ இதைப் படித்துக் காட்டினால் தெரிந்துகொள்ளுங்கள்: மிச்ச மாத்திரை எல்லாவற்றையும் பன் தின்றுவிட்டுத்தான் போட்டேன். ஒரு நாளும் சாயவில்லை. அப்புறம், சீனி தூவினதுதான் பாட்டி.